ஜெசியின் பெயரில் மூன்று பேர்

1. வீட்டிலிருந்து அழிக்கிறாவாம்

மனேஜரின் அழைப்பு வந்தபோது கடையில் ஒரு பிரிண்டரைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தேன். மன்னார்த் தீவில் கொம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்குப் பாதி வேலையைத் தருவது உப்புக் காற்று. அது எந்த இரும்பையும் விடாது. மற்றப் பாதியைத் தருகிறவர்கள் மனிதர்கள். அவர்களைத் துடைத்து எண்ணெய் போட முடியாது.

"மிஸ், கெதியா ஒருக்கா வாங்கோ. அந்தப் பிள்ளை வீட்டில இருந்துகொண்டு எங்கட கணக்கை அழிக்கிறா."

"எந்தப் பிள்ளை?"

"ஜெசிந்தா. போன கிழமை நாங்கள் நிப்பாட்டின பிள்ளை. போனால உள்ளுக்க வாறா போல. பொலிசுக்குப் போக முதல் நீங்கள் பாத்து எழுதித் தந்தா நல்லம்."

எனக்கு உடனே கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது புதினமில்லை. மூக்குக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு கோபம். ஜெசிந்தாவை நிறுத்திய செய்தியையே நான் அப்போதுதான் கேட்கிறேன். அதோடு, அந்தக் கம்பனியின் மூன்று கொம்பியூட்டர்களையும் இணைக்கிற வயரை இழுத்தவள் நான். அந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதனால் முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தேன். அங்கேதான் கொம்பியூட்டர் படித்தேன். குடும்பத்தோடு திரும்பி வந்து மன்னாரில் ஒரு சின்னக் கடை போட்டேன். தலைமன்னாரிலிருந்து முள்ளிக்குளம் வரைக்கும் கடைகள், அரிசி ஆலைகள், ஐஸ் பெக்டரிகள், மீன் கம்பனிகள் என்று கணக்கு சொப்ட்வெயார் பாவிக்கிற இடங்களில் கோளாறு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போன இடத்தில் "உங்கட அவர் வரேல்லையோ, மிஸ்?" என்று கேட்பார்கள். என் அவர் தச்சுவேலை செய்கிறவர். அவர் வந்தால் மேசையைத்தான் திருத்துவார்.

இந்தக் கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. தீவின் வடக்குக் கரையில் நண்டு வாங்கி, பெட்டி கட்டி, கொழும்புக்கு லொறியில் அனுப்புகிற இடம் என்று சொன்னால் போதும். பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

2. லொக் என்ன செய்கிறது

அங்கே மூன்று கொம்பியூட்டர்கள். ஒன்று முற்றத்தில் தராசுக்குப் பக்கத்தில். அங்கே நண்டு நிறுத்து எடை பதிகிறவன் றமீஸ் என்கிற இளைஞன். இரண்டாவது கணக்கு அறையில். அதில் ஜெசிந்தா இருந்தாள். மூன்றாவது மனேஜரின் அறையில். எல்லாக் கணக்கும் அந்த மூன்றாவதில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் வயர் வழியாக அங்கே போய் எடுக்கும், அங்கேயே கொண்டுபோய் வைக்கும். இன்டர்நெட் எதிலும் இல்லை.

ஒவ்வொரு படகுக்காரருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் எத்தனை கிலோ நண்டு கொண்டு வந்தார் என்பது அதில் ஏறும். ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்து திருத்தினால் என்ன நடக்கும்? இரண்டு பேர் கையிலும் பக்கத்தின் பழைய நிலைதான் இருக்கும். முதல் ஆள் எழுதிச் சேமிப்பார். அது தெரியாமல் இரண்டாவது ஆள் தன் கையில் இருப்பதை அதற்கு மேலே சேமிப்பார். முதல் ஆள் எழுதியது போய்விடும். சத்தம் வராது, எச்சரிக்கை வராது, போனது போனதுதான்.

அதைத் தடுக்கத்தான் லொக் என்கிற பூட்டு. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் சொப்ட்வெயார் அவருடைய பெயரில் அதைப் பூட்டிவிடும். வேறொருவர் அதே பக்கத்தைத் திறக்கப் போனால் "இன்னார் பாவிக்கிறார், பொறுக்கவும்" என்று சொல்லும். முதல் ஆள் வெளியே வந்தால் பூட்டும் போய்விடும்.

நம்முடைய ஊரில் கரண்ட் போகும். போனால் பூட்டு மட்டும் மிஞ்சிக் கிடக்கும். கரண்ட் வந்து அதே ஆள் திரும்பி உள்ளே வரும்போது அவருடைய பழைய பூட்டே அவரை மறித்தால் வேலை நடக்காது. அதற்காக அந்த சொப்ட்வெயாரில் ஒரு ஏற்பாடு இருந்தது. பூட்டியவரின் பெயரும் திறக்க வருகிறவரின் பெயரும் ஒன்றானால், இது அதே ஆள்தான் என்று எண்ணி உள்ளே விட்டுவிடும். எந்த மிஷினில் இருந்து வருகிறார் என்று பார்க்காது. பெயரைத்தான் பார்க்கும்.

தொடக்கத்தில் மூன்று மிஷினுக்கும் மூன்று பெயர்கள் இருந்தன. மனேஜர், ஜெசிந்தாவுக்கு ஜெசி, றமீஸுக்குத் தராசு. தராசு என்ற பெயரில் எடையைப் பதியலாம், பதிந்ததைத் திருத்த முடியாது. நண்டு வாங்குகிற இடத்தில் திருத்தாமல் முடியாது. நிறுத்த பிறகுதான் பெட்டியைக் கொட்டிப் பிரிப்பார்கள். செத்தது கழியும், சதை வற்றியது கழியும், எடை குறையும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மனேஜர் தன் அறையில் இருந்து எழும்பி வந்து அனுமதி கொடுக்க வேண்டும். கதிரையில் இருந்து எழும்புவது அவருக்குப் பெரிய காரியம்.

"நீ ஜெசியின்ர பேரில போய்த் திருத்து" என்று றமீஸிடம் சொல்லிவிட்டார்.

றமீஸ் போனான். போனவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஜெசியின் பெயரில் போனால் "பொறுக்கவும்" என்ற செய்தி வருவதே இல்லை. எந்தப் பக்கமும் உடனே திறக்கிறது. ஏதோ அதிர்ஷ்டமான பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு மனேஜரும் அந்தப் பெயரிலேயே போகத் தொடங்கினார். தன் சொந்தப் பெயரில் போனால் சொப்ட்வெயார் அவரையும் பொறுக்கச் சொல்லுமே. அதை அவரால் தாங்க முடியவில்லை.

முன்பு ஒருமுறை பற்றரி மாற்றப் போனபோது இதைக் கண்டு நான் சொன்னேன். "ஒரு ஆளுக்கு ஒரு பேர். மாத்திப் பாவிக்காதேங்கோ."

மனேஜர் சிரித்தார். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி, மிஸ். ஒரு வீட்டில ஆளுக்கொரு பூட்டும் திறப்பும் வச்சிருக்கிறதோ?"

இப்போது அந்தக் குடும்பம் தன் பிள்ளையைப் பொலிசில் கொடுக்க என்னைக் கூப்பிடுகிறது.

3. தராசடியில் சொன்ன சொல்

நடந்ததை எனக்குச் சொன்னவன் றமீஸ். நான் போய் இறங்கியதும் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

படகுக்காரர்கள் சிலர் தங்கள் எடையைக் கேட்டு வந்திருக்கிறார்கள். நண்டு கொடுத்தது உண்மை. பக்கத்தில் அந்த வரி இல்லை. ஒருவருக்கு நடந்திருந்தால் மறதி என்று விட்டிருப்பார்கள். பலருக்கு நடந்தது. சத்தம் வந்தது. மனேஜர் சொப்ட்வெயாரின் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். யார் எப்போது எந்தப் பக்கத்தை மாற்றினார் என்று மட்டும் அது எழுதி வைத்திருக்கும். வரி காணாமல் போன ஒவ்வொரு பக்கத்துக்கும் கடைசியாக மாற்றியவர் ஜெசி என்று இருந்தது.

அந்த ஜெசி எந்த ஜெசி என்று அவர் யோசிக்கவில்லை. தானும் காலையில் ஜெசியாகத்தான் உள்ளே போனேன் என்பது அவருடைய ஞாபகத்துக்கே வரவில்லை. நேரே முற்றத்துக்கு வந்து, படகுக்காரர்கள் எல்லாரும் பெட்டிகளோடு நிற்கிற தராசடியில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"கள்ளியை வச்சுச் சோறு போட்டிருக்கிறன்" என்று சொன்னாராம். "பொலிசுக்குச் சொல்ல முதல் வீட்ட போ" என்றாராம்.

"நீ என்ன செய்தனீ?" என்று றமீஸிடம் கேட்டேன்.

"நான் நிண்டனான், அக்கா."

"நீயும் ஜெசியின்ர பேரிலதானே போறனீ?"

"ஓம். ஆனா நான் ஒண்டும் அழிக்கேல்ல. சத்தியமா அழிக்கேல்ல. அவவும் அழிச்சிருக்க மாட்டா எண்டு தெரியும். எப்பிடி நடந்தது எண்டுதான் தெரியேல்ல."

அவனிலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இவன் பயந்தவன், அவர் பயமுறுத்துகிறவர். இரண்டும் ஒன்றல்ல என்று என்னை அடக்கிக்கொண்டேன்.

அப்போது அவன் இன்னொன்றையும் சொன்னான். அன்றைக்கு வரிசையில் நின்ற படகுக்காரர்களில் ஜெசிந்தாவின் அப்பா மரியதாஸும் ஒருவர். தன் பெட்டியைத் தராசில் வைக்கக் குனிந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டார்.  பெட்டியைத் திரும்பத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மகளோடு நடந்து போய்விட்டார்.

பிள்ளைகளே, உங்களுக்கு இந்தக் கரை தெரியும். ஒரு பெண்ணுக்கு இங்கே கள்ளி என்று பெயர் வந்தால் அது கோயிலுக்கும் கூட வரும், கலியாணப் பேச்சுக்கும் கூட வரும், அடுத்த வேலை கேட்டுப் போகிற கந்தோருக்கு அவளுக்கு முன்னமே போய்ச் சேரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். இது போனால் எங்கே போய்த் தேடுவது?

4. மூன்று மிஷின், ஒரு பெயர்

மனேஜர் எனக்குக் கதிரை போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பாருங்கோ மிஸ். அவ போய் ஒரு கிழமை. அதுக்குப் பிறகும் ஜெசி ஜெசி எண்டு பதிவு விழுகுது. நேற்றும் மூண்டு பேரின்ர எடையைக் காணேல்ல. வீட்டில இருந்து செய்யிறா. வேற எப்பிடி?"

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஜெசிந்தா போன பிறகும் ஒவ்வொரு நாளும் ஜெசி வேலைக்கு வந்திருக்கிறாள். காலையில் வந்திருக்கிறாள், பின்னேரம் போயிருக்கிறாள். கள்ளி என்று துரத்திவிட்டு அவளுடைய பெயரைப் போட்டுக்கொண்டே இவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆளைத்தான் நிறுத்தினார்கள். பெயரை நிறுத்தவில்லை. 

மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "இந்த வயர் பேசாலைக்கு ஜெசிந்தா வீட்ட போகுதோ?"

"அது எப்பிடிப் போகும்?"

"அப்ப அவ எப்பிடி வாறா?"

"போன்..."

"இதில இன்டர்நெட் இல்லை. நீங்கள்தான் செலவு எண்டு வேண்டாம் எண்டனீங்கள். இப்ப ஒண்டு சொல்லுங்கோ. இண்டைக்குக் காலமை நீங்கள் என்ன பேரில உள்ளுக்க போனனீங்கள்?"

அவர் கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

ஒரு படகுக்காரரின் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். தராசடியில் றமீஸை ஜெசியின் பெயரில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இங்கே மனேஜரையும் ஜெசியின் பெயரில் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டிலும் திறந்தது. றமீஸ் பத்துக் கிலோ என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்தான். யன்னலால் கையைக் காட்டினான். அதற்குப் பிறகு மனேஜர், நான் சொன்னபடி, அந்தப் படகுக்காரரின் போன் நம்பரில் ஒரு எண்ணை மாற்றிச் சேமித்தார்.

"இப்ப திரும்பத் திறந்து பாருங்கோ."

திறந்தார். மாற்றிய போன் நம்பர் இருந்தது. றமீஸின் பத்துக் கிலோ இல்லை.

"இந்தப் பத்துக் கிலோவை இப்ப ஆர் அழிச்சது?" என்று கேட்டேன்.

 பதிவில் கடைசி வரியைத் திறந்து காட்டினேன். மாற்றியவர்: ஜெசி.

பிறகு றமீஸைத் தராசு என்ற சொந்தப் பெயரில் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, மனேஜரை ஜெசியின் பெயரில் அதே பக்கத்துக்குப் போகச் சொன்னேன். "தராசு பாவிக்கிறார், பொறுக்கவும்" என்று வந்தது.

"அப்ப இது சொப்ட்வெயாரின்ர பிழை, மிஸ்" என்றார் அவர். முகத்தில் ஒரு நிம்மதி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

"சொப்ட்வெயார் ஒழுங்கா நீ ஆர் எண்டு கேட்டது. நீங்கள் ஜெசி எண்டு பொய் சொன்னனீங்கள். றமீஸும் ஜெசி எண்டு சொன்னவன். அது நம்பினது. அதில என்ன பிழை? பூட்டை உடைச்சுப் போட்டு, திறப்புக்கு உரியவளைக் கள்ளி எண்டு சொன்னது ஆர்?"

"சரி, சரி. சத்தம் போடாதேங்கோ. வெளியில கேக்கும்."

அவருக்கு அதுதான் கவலை. நாலு பேருக்கு நடுவில் அவர் அவளைப் பார்த்துக் கத்தியபோது வெளியில் கேட்குமே என்ற கவலை வரவில்லை.

"அவவை நாளைக்கு வரச் சொல்லுங்கோ, மிஸ். நடந்தது நடந்து போச்சு. இதைப் பெரிசுபடுத்தாமல் விடுவம்" என்றார்.

5. பேசாலையில்

நேரே பேசாலைக்கு, ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மரியதாஸ் நண்டு வலையில் சிக்கின பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு கம்பனிக்கு நண்டு கொடுக்கிறாராம். அவர்கள் வாங்குகிறார்கள், ஆனால் நிறுக்கும்போது அவரை ஒரு மாதிரிப் பார்க்கிறார்களாம்.

ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். லொக்கைப் பற்றிச் சொன்னேன், பத்துக் கிலோவைப் பற்றிச் சொன்னேன். அவள் போன பிறகும் அவளுடைய பெயரில் அவர்கள் வேலை செய்ததைச் சொன்னபோதுதான் அவளுடைய முகம் மாறியது.

"இவ்வளவு நாளும் என்ர பேரிலயோ?"

"ஓம்."

"பாஸ்வேர்ட் கேட்டவை. குடுத்தனான். சேர் கேட்டா இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது, அக்கா? தரமாட்டன் எண்டா, என்னத்தை ஒளிக்கிறாய் எண்டு கேப்பினம்."

இதைத்தான் நான் எல்லாக் கந்தோர்களிலும் கண்டிருக்கிறேன். நம்மவர்களுக்குப் பாஸ்வேர்ட் கேட்பது உப்பு இரவல் கேட்பது மாதிரி. கொடுக்காதவளுக்குத்தான் கெட்ட பெயர். கொடுத்தவளுக்கு என்ன பெயர் வந்தது என்று பார்த்தீர்களோ?

"நாளைக்கு வேலைக்கு வரட்டாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

 அந்த ஒரு கிழமையில் ஜெசிந்தா பூசைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாள். பாட்டுக் குழுவில் பாடுகிற பிள்ளை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"தராசடியில வச்சுச் சொன்னவர்" என்றாள். "தராசடியில வச்சு இல்லை எண்டு சொல்லட்டும். பிறகு வாறன்."

மரியதாஸ் வலையில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார். "நானும் வாறன், பிள்ளை."

6. பெயரை மூடினது

அடுத்த நாள் காலை மூன்று பேரும் போனோம். மரியதாஸ் ஐயா தராசடியில் மற்றப் படகுக்காரர்களோடு நின்றுகொண்டார். நானும் ஜெசிந்தாவும் மனேஜரின் அறைக்குள் போனோம்.

"இருங்கோ, இருங்கோ. ஜெசிந்தா, எல்லாம் விளங்கிட்டுது. நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ."

"சேர், அண்டைக்குச் சொன்ன இடத்தில வச்சுச் சொல்லுங்கோ."

"அதெல்லாம் ஏன்? நான் ஒரு நோட்டீஸ் அடிச்சுப் போடுறன்."

"கள்ளி எண்டு நோட்டீஸோ அடிச்சுப் போட்டனீங்கள்?"

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் உதவ மாட்டேன் என்று தெரிந்ததும் குரலை மாற்றினார். "நான் இந்த இடத்துக்கு மனேஜர். ஆக்களுக்கு முன்னால நிண்டு அப்பிடிச் சொன்னா நாளைக்கு ஆர் என்னை மதிப்பினம்? வேலையைத் திருப்பித் தாறன் எண்டு சொல்லுறன்தானே. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்ர பேரை மூடிவிடுங்கோ."

அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து மூடினேன். இந்த இடத்தைக் கவனியுங்கள் பிள்ளைகளே, ஒரு பெயரை ஒருநாளும் அழிக்கக் கூடாது. பழைய பதிவுகள் எல்லாம் அந்தப் பெயரில் கிடக்கும். அந்தப் பெயரில் இனி யாரும் உள்ளே வர முடியாதபடி மூடிவிடுவதுதான் முறை. அதற்குரிய அனுமதி பராமரிப்புக்காரியான என்னிடம் இருந்தது. பெயர் அவளுடையது, அவள் மூடச் சொன்னாள், மூடினேன்.

நேற்று அவ்வளவு காட்டியும் அன்றும் ஜெசியின் பெயரிலேயே நடந்த தராசடி வேலை நின்றது. றமீஸ் யன்னலில் வந்து நின்றான். "சேர், ஜெசி உள்ளுக்க விடுதில்லை. கழிவு கழிக்க ஏலாமல் கிடக்கு." வெளியே பெட்டிகள் வரிசையாக இருந்தன. உயிர் நண்டு, மேலே ஈரச் சாக்கு. கொழும்பு லொறி பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மிஸ், திறந்து விடுங்கோ. நண்டு செத்துப் போகும்."

"உங்கட பேரில போய் அனுமதி குடுங்கோ."

அவர் தன் பெயரை அடித்தார். பாஸ்வேர்ட் பிழை என்று வந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் பிழை. தன் சொந்தப் பெயருக்கு உரிய பாஸ்வேர்ட் அந்த மனிதனுக்கு மறந்து போயிருந்தது. எனக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

"உங்கட பாஸ்வேர்ட்டை மாத்தித் தரலாம்" என்றேன். "றமீஸுக்கு அவன்ர பேரிலயே திருத்துற அனுமதியும் குடுக்கலாம். கன நேரம் எடுக்காது. நீங்கள் தராசடிக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ, நான் செய்து வைக்கிறன்."

"மிஸ், இது மிரட்டல்."

"ஓம்" என்றேன்.

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். மனேஜர் எழும்பினார். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

படகுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மனேஜர் தராசைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னார். "கொம்பியூட்டரில ஒரு பிழை நடந்திட்டுது. அதால சில வரி அழிஞ்சு போச்சு. ஜெசிந்தாவில பிழை இல்லை எண்டு இப்ப தெரிய வந்திருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"கேக்கேல்ல" என்றார் மரியதாஸ். "கொஞ்சம் பிலத்துச் சொல்லுங்கோ. அண்டைக்கு நல்லாக் கேட்டது."

மனேஜர் நின்றார். இன்னொரு முறை, இந்த முறை சத்தமாக, "கொம்பியூட்டர் பிழை விட்டிட்டுது" என்று தொடங்கினார்.

ஜெசிந்தா குறுக்கிட்டாள். அவளுடைய குரல் உயரவில்லை. "கொம்பியூட்டர் என்னைக் கள்ளி எண்டு சொல்லேல்ல, சேர். நீங்கள் சொன்னனீங்கள்."

 மனேஜர் என்னைப் பார்த்தார், றமீஸைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். உதவி எங்கேயும் இல்லை.

"நான்தான் சொன்னனான்" என்றார். "பிழையாச் சொல்லிட்டன். பிள்ளை ஒண்டும் எடுக்கேல்ல, ஒண்டும் அழிக்கேல்ல. நாங்கள்தான் அவவின்ர பேரைப் பாவிச்சனாங்கள்."

மரியதாஸ் தலையை ஆட்டினார். நான் உள்ளே போய்ப் பாஸ்வேர்ட்டை மாற்றி, றமீஸுக்கு அனுமதி கொடுத்தேன். நண்டு சாகவில்லை. லொறி போனது.

7. பிறகு

காணாமல் போன எடைகளைத் திருப்பி எடுக்க முடியவில்லை. மேலே எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான், கீழே இருந்ததைத் தோண்டி எடுக்க வழியில்லை. படகுக்காரர்கள் சொன்ன எடையைக் கம்பனி ஏற்றுக்கொண்டது. அதற்கும் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கம்பனியின் பராமரிப்பு வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. காரணம் சொல்லவில்லை. அந்த மனேஜர் இன்றைக்கும் அதே கதிரையில் இருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சத்தமாக ஒரு வரி சொன்னதைத் தவிர அவருக்கு என்ன நட்டம்?

மூடிய பெயருக்குப் பதிலாக நான் போட்டுக் கொடுத்த புதுப் பெயரோடு ஜெசிந்தா திரும்ப வேலைக்குப் போனாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்துக்கு எப்படி மனம் வந்து போகிறாய் என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கோபமும் இருக்கு, கடையும் இருக்கு, அக்கா. எனக்குச் சம்பளம் வேணும்" என்றாள். 

பிள்ளைகளே, புதிய இடத்தில் சொப்ட்வெயார் போடப் போனால் முதல் வேலையாக எத்தனை பேர் பாவிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அத்தனை பெயர் உண்டாக்குங்கள். ஒருவருக்குத் தேவையான அனுமதியை அவருடைய பெயரிலேயே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் அடுத்தவரின் பெயரைத் தேடிப் போவார். "பொறுக்கவும்" என்று வந்தால் பொறுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களையும் பொறுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக அவர்களுக்குச் சொல்லுங்கள்.

றமீஸ் போன மாதம் ஒரு கீபோர்ட் வாங்கக் கடைக்கு வந்தான். ஜெசிந்தா தேத்தண்ணி குடிக்க எழும்பினாலும் சொப்ட்வெயாரில் இருந்து வெளியே வந்துவிட்டுத்தான் எழும்புகிறாளாம். ஒரு நாள் மனேஜர் அவசரமாக ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று வந்து, "உங்கட பேரில ஒருக்காப் போட்டுத் தாங்கோ, ஒரு நிமிஷம்தான்" என்று கேட்டிருக்கிறார். அவள் முடியாது என்றிருக்கிறாள்.

"ஏன், எங்களை நம்பேல்லையோ?" என்று கேட்டாராம்.

"நம்புறன், சேர்" என்றாளாம் ஜெசிந்தா. "பேர் தரமாட்டன்."